ஊர் ஜீப்பும் மூன்று பூட்டும்

நம் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறார்கள், மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று. ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு இன்னொருவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற விளையாட்டும் அதில் உண்டு. போன மாதம் என்னையும் கூப்பிட்டு ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நீங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். யாரோ சொன்னார் என்பதற்காகக் கண்ணைக் கட்டிக்கொள்கிற ஆளை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அப்படி ஓர் ஆள் கிடைத்தாலும் அவரைச் சங்கத் தலைவராகப் போட்டுவிடாதீர்கள்.

நான் ஓர் ஊருக்குள் முதல் தடவை நுழையும்போது என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள் தெரியுமா? லோன்காரர்களுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்பார்கள். மதம் மாற்ற வந்தவள் என்பார்கள். ஓர் ஊரில் நான் கேரளத்து எஸ்டேட்காரர்கள் அனுப்பிய உளவாளி. இன்னொன்றில், புருஷன் துரத்திவிட்டதால் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். என் புருஷன் சின்னமனூரில் நிம்மதியாகக் கடை வைத்திருந்தார். நான் எதையும் மறுத்ததில்லை. மறுக்க மறுக்க இன்னும் நன்றாக நம்புவார்கள்.

சந்தேகமே படாத ஊர்களையும் பார்த்திருக்கிறேன். போன அன்றைக்கே சால்வை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, நீங்கள் எது சொன்னாலும் சரி என்பார்கள். அங்கே நாங்கள் வாங்கிக்கொடுத்த தையல் மிஷின்கள் உறை பிரிக்காமலே துருப்பிடித்தன. தனக்கு வேண்டிய பொருளைப் பற்றித்தான் மனுஷனுக்குச் சந்தேகம் வரும். வேண்டாத பொருளை யார் கொண்டுபோனால் என்ன? இதை எனக்குப் புரியவைத்தது சுருளிப்பட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஓர் ஊர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடிகாலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆள் ஏற்றிக்கொண்டு போவது ஒரு காண்ட்ராக்டர். அவருடைய ஜீப்பில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிடத் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அப்படிப் போன ஒரு ஜீப் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. கை கால் முறிந்தவர்கள் பலர். வள்ளி என்ற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அவள் அம்மா பேச்சியம்மாள், கீழத்தெரு. புருஷன் இல்லாதவள், ஒரே மகள். காண்ட்ராக்டர் மேல் கேஸ் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஊருக்கென்று சொந்தமாக ஒரு ஜீப் வேண்டும் என்ற பேச்சு வந்தது. வேலைக்குப் போகிற பெண்களே சங்கமாகச் சேர்ந்தார்கள், எங்கள் நிறுவனம் அரசாங்கத் திட்டத்தில் உதவி வாங்கிக்கொடுத்தது. காலையிலும் மாலையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வர வேண்டும், நடுவில் பிரசவம், பாம்புக்கடி என்றால் கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாருக்கும் சம்மதம். ஜீப் வந்து நின்ற அன்றைக்குத்தான் சண்டை ஆரம்பித்தது.

அதை எங்கே நிறுத்துவது? மேலத்தெருவில் நிறுத்தினால் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் ஓட்டுவார்கள் என்றது நடுத்தெரு. நடுத்தெருவில் நிறுத்தினால் ராத்திரியோடு ராத்திரியாக ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் குமுளிக்குப் போய்விடும் என்றது மேலத்தெரு. கீழத்தெரு ஒன்றும் சொல்லவில்லை. எங்கே நிறுத்தினாலும் தங்களுக்குக் கிடைக்காது என்று அவர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள். டிரைவர் விஷயத்திலும் இதே கதைதான். கடைசியில் தேவதானப்பட்டியிலிருந்து ஒருவரைப் பிடித்தோம். ஊரில் ஒருத்தருக்கும் அவர் உறவில்லை என்பதுதான் அவருடைய பெரிய தகுதி. லைசென்ஸை அப்புறம்தான் பார்த்தார்கள்.

நிறுத்துகிற பிரச்சினைக்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் குலதெய்வத்துக்குச் சாமிப்பெட்டி உண்டு. நகை, வஸ்திரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பூட்டு. சிவராத்திரிக்கு எல்லாச் சாவிக்காரர்களும் நேரில் வந்து அவரவர் பூட்டை அவரவர் கையால் திறந்தால்தான் பெட்டி திறக்கும். சாவியை இன்னொருத்தர் கையில் கொடுத்தனுப்புகிற பேச்சே கிடையாது. அதே முறையை ஜீப்புக்குக் கொண்டுவந்தார்கள். பொது இடத்தில் ஒரு தகர ஷெட், கதவில் மூன்று பூட்டு, தெருவுக்கு ஒரு சாவிக்காரி. மேலத்தெருவுக்கு ராசாத்தி, நடுத்தெருவுக்குச் செல்லத்தாய், கீழத்தெருவுக்குப் பேச்சியம்மாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற பெட்டிக்குச் சரி. தினம் ஓடுகிற வண்டிக்கு இது ஆகுமா என்று நான் கேட்டேன். "சாமிக்கே அந்த ஏற்பாடுன்னா ஜீப்பு என்ன பெருசா மேடம்?" என்றாள் ராசாத்தி. நான் விட்டுவிட்டேன். வண்டி ஓட ஆரம்பித்தது. தினம் விடிகாலையில் மூன்று பெண்களும் வந்து, ஒருத்தியை ஒருத்தி முறைத்துப் பார்த்துக்கொண்டே திறப்பார்கள். ராத்திரியில் வண்டி ஓடியிருக்கிறதா என்று மூன்று பேரும் தலையை உள்ளே விட்டுக் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் டிரைவர் ஏறலாம். ஊர் ஆம்பிளைகள் டீக்கடையில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள்.

சிக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் சூப்பர்வைசர் கடை போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நாளைக்குக் கட்டாயம் காய் எடுக்க ஆள் வேண்டும், உங்கள் ஜீப் வரவில்லையென்றால் காண்ட்ராக்டரை வரச் சொல்லிவிடுவேன், அப்புறம் எப்போதும் அவர்தான் என்று. காலையில் பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு ஷெட்டுக்கு வந்தார்கள். ராசாத்தி திறந்தாள், செல்லத்தாய் திறந்தாள். பேச்சியம்மாளைக் காணோம். வீடு பூட்டிக் கிடந்தது.

எனக்குத் தகவல் வந்து, நானும் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பியும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. டீக்கடை முன்னால் காண்ட்ராக்டரின் ஜீப் இஞ்சினை அணைக்காமல் நின்றது. உள்ளே அவரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷெட்டைச் சுற்றி ஒரே கூச்சல்.

"நேத்து மத்தியானம் பையோட மினிபஸ்ல ஏறுனாளாம் மேடம். சுருளிப்பட்டிப் பக்கம் போற பஸ்ஸு. காண்ட்ராக்டர் வீடு எங்கன இருக்கு? சுருளிப்பட்டியிலதான இருக்கு!" என்றாள் ராசாத்தி. "கேஸைத் திரும்ப வாங்கச் சொல்லி அவுக ஆளு ரெண்டு மாசமா அவ வீட்டுக்கு நடக்குறாக. சமாதானம் பேசிட்டா. சாவியையும் சேத்துக் கொண்டுபோய்க் குடுத்துட்டா."

"பெத்த மகளக் கொன்னவன்கிட்டயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"செத்தவ திரும்பியா வரப்போறா? இல்லாதப்பட்டவ, என்ன செய்வா?" என்றாள் ராசாத்தி. அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, அப்படித்தானே நடக்கும் என்பதுபோலச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

என்னோடு வந்த தம்பி அதற்குள் சைக்கிள் கடையில் ஒரு சுத்தியல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரே அடி மேடம். பூட்டு தெறிச்சிரும். புதுப் பூட்டு நானே வாங்கித் தர்றேன்" என்றார். பெண்களில் பாதிப் பேர் அடி அடி என்றார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வண்டி போகாவிட்டால் தோட்டம் போய்விடும். தோட்டம் போனால் சங்கம் போய்விடும், நாளை முதல் எல்லாரும் பழையபடி தொங்கிக்கொண்டு போவார்கள். தம்பியின் கணக்கு தப்பில்லை. ஆனால் நான் கீழத்தெருப் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் தள்ளி, ஒரு கூட்டமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் அந்த நாள் கூலி வேண்டும். பேச்சி மேல் அவர்களுக்கும் சந்தேகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒருத்தி சொன்னாள், "பேச்சி வந்து தெறக்கட்டும். இல்லைன்னா ஷெட்டு இப்படியே கெடக்கட்டும்."

அந்த ஊரில் கீழத்தெருவைக் கேட்காமல் மற்றவர்கள் எதைச் செய்தாலும் அவசரம் என்று சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரைத் திருப்பினாலும் அவசரம், பாதையை அடைத்தாலும் அவசரம். முதல் தடவையாக அவர்கள் இல்லாமல் திறக்க முடியாத ஒரு கதவு ஊரில் இருந்தது. அதை அன்றைக்கு நாங்கள் உடைத்திருந்தால் வண்டி போயிருக்கும், ஊர் ஜீப் என்று ஒன்று இருந்திருக்காது. தம்பியிடம் சுத்தியலை வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். என்னை முறைத்துக்கொண்டே போனார்.

அப்போது காண்ட்ராக்டர் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, பல் தெரியச் சிரிப்பு. "ஏன் மேடம் பொம்பளைகள வெயில்ல நிறுத்தி வச்சிருக்கீக? பழசையெல்லாம் மறந்துட்டு ஏறச் சொல்லுங்க. அந்தப் பேச்சி மத்தியானத்துக்கு முன்னால வரமாட்டா" என்றார்.

அவரிடம் யாரும் பேச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. மத்தியானம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கூட்டம் அதைக் கேட்டதும் "பாத்தீகளா, எல்லாம் பேசி வச்சிருக்காக" என்று கொதித்தது. எனக்கு வேறு மாதிரி தோன்றியது. பேச்சியை அவர் விலைக்கு வாங்கியிருந்தால் அவளைத் தெரியாத மாதிரியல்லவா இருப்பார்? அவள் எங்கே போகிறாள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் எஸ்டேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கேட்க வைத்திருக்கிறார் என்று பட்டது. இன்று வரைக்கும் இதற்கு என்னிடம் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாததால் என் சந்தேகம் குறைந்ததும் கிடையாது.

"நான் சுருளி அருவி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வர்றேன், அந்த மினிபஸ் அங்கதான் போகுது. காண்ட்ராக்டர் வண்டியில ஏறுறவங்க ஏறலாம், நான் யாரையும் தடுக்கல" என்றேன். யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. செல்லத்தாய் தன் பூட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, ஷெட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஆட்டோவில் ஏறியதும் ராசாத்தியும் இடித்துக்கொண்டு ஏறினாள். "நீங்களும் அவளும் தனியா என்ன பேசிக்குவீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சரியான கேள்விதான்.

சுருளிப்பட்டியில் காண்ட்ராக்டர் வீடு வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்க் காம்பவுண்டுச் சுவரை எட்டி, வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பேச்சிக்குச் செருப்பே கெடையாது மேடம்" என்றாள். 

பேச்சியம்மாள் அருவிக்குக் கீழே, திதி கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தாள். ஈரச் சேலை. முன்னால் வாழையிலையில் பச்சரிசி, எள், பக்கத்தில் ஒரு டஜன் புதுக் கண்ணாடி வளையல். ஐயர் இன்னும் அவள் பக்கம் வரவில்லை, முன்னால் பெரிய வரிசை. ஊர்க்காரர்கள் வள்ளி செத்த நாளைக் காலண்டர் தேதியாக ஞாபகம் வைத்திருந்தார்கள். அது வர இன்னும் நாள் இருந்தது. திதி அன்றைக்கே வந்துவிட்டது, அது பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது, தன் சாவிக்கு வேலை இருக்காது என்று முதல் நாளே வந்து மண்டபத்தில் படுத்திருக்கிறாள்.

எங்களைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்னாச்சு?" என்பதுதான். சொன்னேன். சாவி இடுப்பில் முடிந்திருந்தது, கை அங்கே போனது.

"சாவியைக் குடுங்கம்மா. நீங்க இருந்து முடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"கையில குடுக்குற பேச்சு இல்லைல்ல மேடம்? நாந்தான வந்து தெறக்கணும்."

"குடு பேச்சி. நானே சொல்றேன்ல" என்றாள் ராசாத்தி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "தெறந்துட்டு உங்கிட்டயே தாரேன்."

பேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கையில ஒருக்காக் குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தி எனக்கும் குடுன்னு வருவா. அதுக்கு எதுக்கு மூணு பூட்டு?" என்று சொல்லிவிட்டு, இலையை மடிக்க ஆரம்பித்தாள். எள்ளையும் அரிசியையும் ஒன்றாகக் கூட்டினாள். மகளுக்குத் திதி கொடுக்காமலே எழுந்துவிடப் போகிறாள் என்று புரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வாருங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு கையாலாகாமல் நான் நின்றதில்லை.

ராசாத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு வரிசைக்கு முன்னால் போனாள். "கொஞ்சம் வழிய விடுங்கய்யா! சின்னப் புள்ளைக்குத் திதி. கலியாணம் ஆகாத புள்ள. வண்டிக்கு ஊரே காத்துக் கெடக்கு" என்று ஷெட் வாசலில் கத்திய அதே தொண்டையில் கத்தினாள். மதுரைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவரை ஒரு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. வரிசை விலகியது. ஐயர் வந்து பேச்சி முன்னால் உட்கார்ந்தார். பேர் கேட்டார். "வள்ளி" என்று பேச்சி சொல்வதற்கு முன்னால் ராசாத்தி சொல்லிவிட்டாள்.

நாங்கள் திரும்பியபோது காண்ட்ராக்டர் ஜீப்பில் ஏழெட்டுப் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து ஈரச் சேலையோடு பேச்சி இறங்கியதைப் பார்த்தார்கள். அவள் நெற்றியில் திருநீற்றையும் கையில் ஒட்டியிருந்த எள்ளையும் பார்த்து, எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, தூக்குவாளி இடிபட, இறங்கினார்கள். காண்ட்ராக்டர் டீக்கு இன்னொரு தடவை சொன்னார், குடிக்கவில்லை.

ராசாத்தி ஷெட் முன்னால் நின்று எல்லாரும் கேட்க அழுதாள். "இவளப் போயி நாம சந்தேகப்பட்டோமே. இனிமே ஒரு பூட்டு போதும். சாவி பேச்சிகிட்டயே இருக்கட்டும்" என்றாள். செல்லத்தாயும் தலையை ஆட்டினாள். மேலத்தெரு தன் வாயாலேயே இதைச் சொல்கிறது. இதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டோம் என்று என் பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என்னைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

பேச்சியம்மாள் தன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"மூணும் இருக்கட்டும். வேணும்னா தெருவுக்கு இன்னொரு ஆளையும் போட்டு, அவ கையிலயும் ஒரு சாவி குடுங்க."

"உன்ன நம்பாம எதுக்குடி..."

"என்னைச் சந்தேகப்பட்டதுக்கு எதுக்கு அழுகுற? அன்னைக்கு எம்மகளுக்கு உள்ள எடமில்ல. வெளிய தொங்கிக்கிட்டுத்தான் போனா. தெரிஞ்ச வண்டி, தெரிஞ்ச டிரைவருன்னு நான் கையாட்டிட்டு வந்தேன். இத்தன பேர ஏத்துறியே, பிரேக்கு பிடிக்குமான்னு ஒரு வார்த்தை கேக்கல. இந்த ஊருல ஒருத்தரும் கேக்கல."

 டிரைவர் வந்து ஏறினார். பெண்கள் ஏறினார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொரு தலையாக எண்ணி, கடைசியாக நின்ற இரண்டு பேரை அடுத்த நடைக்கு நிற்கச் சொன்னாள். பிறகு டிரைவர் பக்கம் போய், வண்டியைக் கொஞ்சம் உருட்டிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். அவர் உருட்டி மிதித்தார். வண்டி நின்றது.

"இன்னொருக்கா மிதிங்க" என்றாள்.